பரிமளம் சிஸ்டர் கேட்காமல் விட்ட கேள்வி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சரோஜம்மா திரும்பிப் பார்த்து, “மன சிஸ்டர் போயிந்தி, சுசீலா” என்றாள். நம்ம சிஸ்டர் போய்விட்டாராம். எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களுக்கு ஒரே ஒரு சிஸ்டர்தான். செகந்திராபாத்துக்குப் பக்கத்தில், உப்பலில் தங்கை மகள் வீட்டில் இருந்தவர், காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பால் பொங்கி வழிந்த பிறகுதான் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கையில் இருந்த டோக்கனைச் சரோஜம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் காபி இல்லை.

பத்து நாள் கழித்து காலனி சமூகக் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. நீங்களும் வந்திருப்பீர்கள். மேடையில் பேசிய ஆறு பேரும் ஆண்கள். சிஸ்டரிடம் ஒருநாளும் எதையும் கேட்டிராதவர்கள் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியாகப் பேசிய ரிட்டையர்டு மேனேஜர், “அந்த அம்மா தன் சர்வீஸிலேயே ஒரே ஒரு தப்புதான் பண்ணினார். அதையும் தானே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனசு” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் மட்டும் தட்டவில்லை. அந்தத் தப்பில் சிஸ்டர் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அன்று எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கண்ணீர் அஞ்சலி எழுத எனக்கு வராது.

நம் காலனிக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரிமளம் சிஸ்டர் குடியாத்தத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு, “எனுக்கு டைம் எங்க இருந்துச்சு?” என்பதோடு சரி. தொழிற்சாலை வாசலை ஒட்டி இரண்டு அறை டிஸ்பென்சரி. காலையில் டாக்டர் வருவார், நல்ல மனிதர், ஆனால் ஆண். வயரிங் செக்ஷனிலும் காயில் சுற்றும் செக்ஷனிலும் நாங்கள் நூறு பெண்களுக்கு மேல் இருந்தோம். தமிழ், தெலுங்கு, தக்கனி, மலையாளம் எல்லாம் உண்டு. ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் நூறு பேருக்கும் ஒரே வியாதிதான். கேஸ். நாள் தள்ளிப் போனாலும் கேஸ், மார்பு வலித்தாலும் கேஸ், ஆறு வருஷமாகக் குழந்தை இல்லாவிட்டாலும் கேஸ். டாக்டரும் பாவம், ரோஸ் கலர் மருந்தை எல்லோருக்கும் எழுதிக்கொடுத்தார். “வயித்துல இருக்குற காத்து ஒம்பது மாசம் நிக்காதும்மா” என்று சொல்லி, சிஸ்டர்தான் வியாழக்கிழமையை ஆரம்பித்துவைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம், பன்னிரண்டே கால் முதல் ஒரு மணி வரை, டிஸ்பென்சரியின் உள் அறை பெண்களுக்கு மட்டும். டிபன் பாக்ஸோடு போய் பெஞ்சில் உட்கார வேண்டியது, சாப்பிட்டுக்கொண்டே கேட்க வேண்டியது. ஒரு மூலையில் பச்சைத் துணித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு கட்டில். இதில் ஒரு வழக்கம் தானாகவே ஏற்பட்டுவிட்டது. யாரும் தனக்காகக் கேட்க மாட்டார்கள். “எங்க தெருவுல ஒருத்தி”, “எங்க வீட்டுக்காரரோட ஃபிரெண்டு சம்சாரம்”, “பக்கத்து குவார்ட்டர்ஸ்ல ஒரு பொண்ணு” என்றுதான் ஆரம்பிப்பார்கள். சிஸ்டரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அந்தத் தெருக்காரிக்கே பதில் சொல்வார். பிறகு கேட்டவளைத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போவார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒருத்தியும் சிரித்ததில்லை. மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நாள் தள்ளிப் போய் எத்தனை நாளில் தெரியும்? துளி ரத்தம் பட்டால் அது மாதக் குளியல் கணக்கா, இல்லையா? மார்பு பாரமாக, தொட்டால் வலிக்கிற மாதிரி இருந்தால் அது எதற்கு அடையாளம்? காம்பைச் சுற்றிக் கறுத்தால்? சிஸ்டர் ஒன்றுக்கும் சுற்றி வளைக்க மாட்டார். “மாரு கனக்குறது ரெண்டுக்கும் வரும்மா. குளிக்கிறதுக்கு முன்னாடியும் வரும், முழுகாம இருந்தாலும் வரும். மாரைக் கேட்டு சொல்ல முடியாது. நாள் தள்ளி ரெண்டு வாரம் ஆவட்டும், காலைல மொத ஒண்ணுக்கு பாட்டில்ல புடிச்சினு வா” என்பார். ஒருமுறை காயில் செக்ஷன் பெண் ஒருத்தி, “எங்க தெருவுல ஒருத்தி”யின் பாட்டிலோடு வந்தாள். அது இருமல் மருந்து பாட்டில், கழுவாமல் பிடித்திருக்கிறாள். டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்து சர்க்கரைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல, நீல மருந்து செங்கல் நிறமாகிவிட்டது. தெருக்காரிக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னதும், கொண்டுவந்தவள் பெஞ்சிலேயே மயங்கி விழுந்தாள். சிஸ்டர் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தபடி, “தெருக்காரிக்கு சர்க்கரைன்னா உனுக்கு இன்னாத்துக்கு மயக்கம்?” என்று கேட்டார். அன்று மட்டும் நாங்கள் சிரித்தோம். மயங்கியவளும் எழுந்து சிரித்தாள். அவளுக்கு மகன் பிறந்தான், சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை.

குழந்தை இல்லை என்று வந்தவர்களிடம் சிஸ்டர் முதலில் கேட்டது வயிற்றைப் பற்றி அல்ல, ஷிப்டைப் பற்றி. வேறெந்த ஊர் நர்சும் இதைக் கேட்டிருப்பாரா தெரியவில்லை. சுவரில் ஷிப்ட் அட்டவணை தொங்கும். பக்கத்தில் நின்று விரலால் எண்ணிக் காட்டுவார்: அடுத்த குளியல் எப்போது வரும் என்று பார், அதிலிருந்து பதினாலு நாள் பின்னோக்கி எண்ணு, அதுக்கு முன்னால ஒரு நாலைந்து நாள், அதுதான் நாள். எங்கள் செக்ஷனில் ஒரு பெண்ணுக்கு ஜெனரல் ஷிப்ட். அவள் கணவர் அலவன்ஸுக்காக இரண்டு வருஷமாக நிரந்தர நைட் ஷிப்ட். இவள் உள்ளே நுழையும்போது அவர் வெளியே வருவார். கேட்டில் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். அவளுடைய மாமியார் அவளை மூன்று கோயிலுக்கு நடக்கவைத்திருந்தார். சிஸ்டர் நேரே அந்தக் கணவரின் ஃபோர்மேனிடம் போய், மருத்துவக் காரணத்துக்காக இவருக்கு மூன்று மாதம் பகல் ஷிப்ட் வேண்டும் என்றார். ஃபோர்மேன், என்ன காரணம், என்ன வியாதி என்று கேட்டிருக்கிறார். “வூட்டுல இல்லாத வியாதி” என்று சிஸ்டர் பதில் சொன்னதாகப் பேச்சு. ஷிப்ட் மாறியது. பிறந்த பெண்ணுக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ, செக்ஷனில் அவளுக்கு ஜெனரல் ஷிப்ட் என்றுதான் பெயர். இப்போது காலேஜில் படிக்கிறாள்.

ஆண்களையும் அவர் விட்டதில்லை. குழந்தை இல்லை என்றால் பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துப் போவது அப்போது சாதாரணம். “நீங்க வயரிங்காரிங்க. ஒரு லைன்ல கரண்ட் போவலன்னா ஒரு முனையை மட்டும் பாத்துட்டு வுட்டுடுவீங்களா? ரெண்டு முனையும் செக் பண்ணணுமா, வேணாமா?” என்பார். இதை நாங்கள் வீட்டில் போய்ச் சொன்னால் நடக்குமா? நடக்காது. அவரே கேட்டில் நின்று, சம்பந்தப்பட்ட ஆளின் சைக்கிளை நிறுத்தி, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுவார். நக்கோ சிஸ்டர், நக்கோ, வேணவே வேணாம் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடிய ஆளை எனக்குத் தெரியும். சிஸ்டர் அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றார். ஒரு வாரம் நின்றார். கடைசியில் அந்த ஆள் பரிசோதனைக்குப் போனார். அந்த ஆள் என் கணவர்.

இங்கேதான் அந்த வியாழக்கிழமைக்கு வர வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் நடுவில். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் நாத்தனார் இருந்தார். கணவரின் அக்கா, எனக்கும் அக்காதான். முப்பத்தாறு வயது, மூன்று குழந்தைகள், கடைசிப் பையனுக்குப் பால் நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறையில் கதவைச் சாத்திவிட்டு, “சுசீலா, நாள் தள்ளியிருக்குடி. இடது மார்ல ஒரு பக்கம் கெட்டியா இருக்கு, கோலிக்குண்டு மாதிரி. வலி ஒண்ணும் இல்ல. மறுபடியும் முழுகாம இருக்கேனோ என்னமோ. உங்க சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வாயேன். என் பேரைச் சொல்லாத” என்றார். நாலாவது குழந்தை என்றால் அவர் வீட்டுக்காரர், எங்கள் மாமா, என்ன சொல்வாரோ என்ற பயம்தான் அவருக்கு. அந்தக் கட்டியைப் பற்றி அவருக்கும் பயம் இல்லை, எனக்கும் இல்லை. எங்களுக்கு என்ன தெரியும்.

வியாழக்கிழமை நான் போய், “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு, சிஸ்டர்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் தலையாட்டினார். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, “வா” என்று தடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போனார். “ஏறிப் படு” என்றார்.

நான் ஏறிப் படுத்தேன்.

இத்தனை வருஷமாக எல்லோரும் அறிந்த கதையில் இந்த இடம் இல்லை. வழக்கப்படி சிஸ்டர் நான் எனக்காகக் கேட்பதாக நினைத்தார். இது அவர் செய்த தப்பு என்று நீங்கள் அறிவீர்கள். ஆனால் அவர் அப்படி நினைக்கிறார் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. “எனக்கில்ல சிஸ்டர், நிஜமாவே என் நாத்தனாருக்கு” என்று சொல்ல இரண்டு வினாடி போதும். நான் சொல்லவில்லை. ஆறு வருஷமாக யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். நானாக வாய் திறந்து கேட்க வெட்கம். இப்போது யாரும் கேட்காமலே கட்டில் கிடைத்துவிட்டது. படுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. சிஸ்டர் விரல்களைத் தட்டையாக வைத்து இரண்டு மார்பையும் வட்டமாக அழுத்திப் பார்த்தார், அக்குளையும் பார்த்தார். “கட்டி ஒண்ணும் இல்ல. குளிக்கிறதுக்கு முன்னாடி சில பேருக்கு இப்டிதான் உருண்டை உருண்டையா தட்டும். குளிச்சதும் கரைஞ்சிடும். பயப்படாத” என்றார். பிறகு, “கல்யாணம் ஆயி எத்தினி வருசம் ஆவுது?” என்று கேட்டார். அவ்வளவுதான். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மீதி நேரம் முழுவதும் என் கதைதான். மணி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். நாத்தனார் என்று ஒருத்தி இருப்பதே எனக்கு நினைவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

அன்று சாயங்காலம் நாத்தனாரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் கீரைக்கட்டோடு. வாசலிலேயே, “என்னடி சொன்னாங்க?” என்றார். என் முகம் அழுது வீங்கியிருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ எதற்குப் போய்ப் படுத்தாய் என்று கேட்பார், அது மாமியார் வரைக்கும் போகும். நான், “ஒண்ணும் இல்லையாம்கா. குளிச்சா கரைஞ்சிடுமாம்” என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கீரையைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு நாளில் குளித்தும்விட்டார். கட்டி கரைந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

பத்து வாரம் கழித்து என் விஷயமாக மறுபடி சிஸ்டரிடம் போனேன். பேச்சுவாக்கில் அவர், “அன்னிக்கு கெட்டியா இருந்துச்சின்னியே, கரைஞ்சிதா?” என்று கேட்டார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நாத்தனார் அது இன்னும் இருக்கிறது, கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது, மேல் தோல் உள்ளே இழுத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். நான் அப்படியே சொன்னேன்: “கரையலையாம் சிஸ்டர். தோல் இழுக்குதாம்.” சிஸ்டரின் கை நின்றது. “இழுக்குதாமா? ஆம்னா, அது யாரு?” என்றார். “என் நாத்தனார்” என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார், டாக்டரிடம் இரண்டு வார்த்தை சொன்னார், கம்பெனி வேனை எடுக்கச் சொன்னார். வேலை நேரத்தில், யூனிஃபார்மோடு, என்னையும் ஏற்றிக்கொண்டு செகந்திராபாத் கிளம்பிவிட்டார்.

வேன் தார்நாக்கா தாண்டும்போது கேட்டார்: “அன்னிக்கே ஏம்மா சொல்லல?” எனக்குப் பயம். “நீங்க யாருக்குன்னு கேக்கலையே சிஸ்டர்” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான வார்த்தை அது. பொய் இல்லை, அதனால்தான் இன்னும் கேவலம். சிஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, “ஹவ், ஆமா. நான் கேக்கல” என்றார்.

நாத்தனார் கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் அடுப்பை அணைக்கச் சொல்லி, உள் அறையில் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து மாமாவுக்கு வொர்க்‌ஷாப்புக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டியில் ஊசி குத்திப் பார்த்து, ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்தார்கள். பிறகு இரண்டு மாதம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கூட இருக்க மாமாவுக்கு லீவு கிடைக்காத நாட்களில் சிஸ்டர் தன் லீவைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு ஆறு மாதம் விட்டிருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னபோது, சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். புண் ஆறியதும் நாத்தனாருக்கு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு திண்டு தைத்துக்கொடுத்தார். வெறும் பஞ்சு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று எடைக்குக் கேழ்வரகு போட்டுத் தைத்தார். கல்யாண வீட்டில் அவரைப் பார்த்த ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை.

ஆபரேஷன் முடிந்த அடுத்த வியாழக்கிழமை உள் அறையில் உட்கார இடம் இல்லை, செய்தி அதற்குள் பரவியிருந்தது. சிஸ்டர் எழுந்து நின்றார். “ஒரு பொண்ணு வேற ஒருத்திக்காவ கேட்டா. நான் எப்பவும்போல அவளுக்கே கேக்குறான்னு நெனச்சி அவளையே பாத்துட்டு அனுப்பிட்டேன். யாருக்குன்னு நான் கேக்கல. பத்து வாரம் வீணாப் போச்சு. தப்பு என்னுது” என்று தமிழில் சொன்னார். அதையே தெலுங்கில் சொன்னார், ஹிந்தியில் சொன்னார். மூன்று மொழியிலும் ஒரே குரல். குறைத்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. கேட்டவள் யார் என்று சொல்லவில்லை. ஆள் மாறிப் போனது கேட்டவளுக்கு அன்றே தெரியும் என்றும் சொல்லவில்லை. நான் சுவரோரமாக டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாயிலிருந்து வேனில் வந்த வார்த்தையை அவர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து விதி மாறியது. “யாருக்குன்னு மொதல்ல சொல்லு. உனுக்குன்னா உனுக்குன்னு சொல்லு. வேற ஆளுன்னா அந்த ஆளைக் கூட்டினு வா, இல்லனா நான் வர்றேன், அட்ரஸ் குடு.” இரண்டு வாரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வெறுமனே சாப்பிட்டுவிட்டுப் போனோம். மூன்றாவது வாரம் சரோஜம்மா எழுந்து, “நாகு, சிஸ்டர். நாகே” என்றாள். எனக்குத்தான், எனக்கேதான். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அப்புறம் ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். குளித்து முடித்த நாலைந்து நாளில் கையைத் தட்டையாக வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சிஸ்டர் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தார். “குளிச்சப்புறமும் இருக்குற கட்டி, வலிக்காத கட்டி, தோலை இழுக்குற கட்டி, புதுசா உள்ள போன காம்பு. இதுல ஒண்ணு இருந்தாலும் அடுத்த நாளே வரணும். முக்காவாசி ஒண்ணுமில்லாத கட்டியாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணுமில்லன்னு நீ சொல்லக்கூடாது, பாத்தவங்க சொல்லணும்” என்பார். அதன் பிறகு எங்கள் செக்ஷனில் இரண்டு பேருக்குக் கட்டி வந்தது. இரண்டு பேரும் மறுநாளே போய் நின்றார்கள். இன்றும் நன்றாக இருக்கிறார்கள்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். இரண்டு முனையும் பார்த்ததில் கோளாறு என் பக்கம் இல்லை என்று தெரிந்தது. கணவர் இரண்டு வருஷம் மருந்து சாப்பிட்டார், குழந்தை பிறக்கவில்லை. ஆனால் ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அது தெரிந்த வீட்டில் சண்டை குறைவு. இதை எழுதட்டுமா என்று என் கணவரைக் கேட்டேன். “எழுதேன், இனிமே எனக்கு யாரு பொண்ணு பாக்கப் போறாங்க?” என்றார்.

நாத்தனாரிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. பதினாலு வருஷமாக அவருக்கும் சிஸ்டரின் கதைதான் தெரியும். இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் செகந்திராபாத் போனேன். முறத்தில் உளுத்தம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்ததிலிருந்து வேனில் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னேன். முறம் நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“அன்னிக்கு வாசல்ல நின்னு ஒண்ணும் இல்லையாம்னியே, உன் மூஞ்சி அழுது வீங்கியிருந்துச்சு” என்றார். “எனக்குப் பெரிசா ஏதோ இருக்கு, இவ மறைக்கிறான்னு நினைச்சேன். கேட்டா சொல்லிடுவியோன்னு பயம். பத்து வாரம் அந்தப் பயத்தோடதான் சோறாக்கினேன். நானும் கேக்கலடி, சுசீலா.”

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவரே முறத்தை எடுத்துக்கொண்டு, “எழுது. ஆனா ‘தெரிஞ்ச ஒருத்தங்க’ன்னு எழுதாத. என் பேரைப் போடு” என்றார்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். தப்பு நடந்தால் எழுந்து நின்று, என்னுடையது என்று கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ள எனக்குப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது, அவர் போன பிறகுதான் வந்திருக்கிறது. அந்தப் பத்து வாரத்தை இனிமேல் யாரும் பரிமளம் சிஸ்டரின் கணக்கில் சொல்லாதீர்கள். சொல்லாமல் இருந்தவள் நான். ஐம்பது வயதாகி, இன்றும் உயிரோடு, முறத்தோடு உட்கார்ந்திருக்கும் என் நாத்தனாரின் பெயர் கோமதி.